நிமிர்ந்து மிதந்த படகு

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து போன் வந்தபோது நான் திருப்புறத்தில் எங்கள் பட்டறையில் ஒரு புதுப் படகின் அடிப்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பேசியவர் மீன் ஏலக்காரர். "ஆழ்கடலுக்குப் போன போட்டுக்காரங்க ஒரு வெள்ளப் படகக் கட்டி இழுத்துட்டு வந்திருக்காவ. பொறத்த உங்க பட்டறை அடையாளம் உண்டு. வந்து பாக்கியளா?" என்று கேட்டார்.

எந்தப் படகு என்று நான் கேட்கவில்லை. எங்கள் பட்டறையில் செய்து கடலில் தொலைந்த படகு ஒன்றே ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அதில் என்னோடு வந்த என் கணவரும் திரும்பவில்லை.

கையிலிருந்த தூசியைக்கூடக் கழுவாமல் ஸ்கூட்டரை எடுத்தேன். பொழியூரில் மாமியை ஏற்றிக்கொண்டேன். கணவரின் அம்மா. மீன் விற்றுப் பிள்ளை வளர்த்தவர். நீரோடி தாண்டி, கடலோரச் சாலையில் போகும்போது என் தோளைப் பிடித்த அவர் கை இறுகிக்கொண்டே வந்தது.

எங்கள் பட்டறை மீனவர்களுக்கு ஃபைபர் வள்ளம் செய்யும் பட்டறை. முதலாளிக்குப் பந்தயப் பாய்ப்படகுகள் செய்ய ஆர்டர் கிடைத்தபோது, கோவாவில் ஒரு படகுத் தொழிற்சாலையில் இருந்த என்னைக் கூப்பிட்டார். நான் பாறசாலைக்காரி, ஊர்ப்பக்கம் வந்துவிடலாம் என்று வந்தேன். பட்டாளத்தின் பாய்ப்படகு அணியில் சில வருடம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்த பொழியூர்க்காரர் ஒருவரையும் கூப்பிட்டார். படகைச் செய்வது என் வேலை. அதைத் தண்ணீரில் இறக்கி, பாயும் கயிறும் பூட்டி, ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது அவர் வேலை. அவர் நிறையக் குறை சொன்னார். பிறகு நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். என் வீட்டார் கும்பிடுவது பகவதியை, அவர் வீட்டார் மாதாவை. இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முறைப்பு இருந்தது. முதலில் சிரித்தது மாமிதான்.

அந்தப் பந்தயத்துக்கு ஒரு விதி உண்டு. எல்லாப் படகும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரே மோல்டு, ஒரே எடை, ஒரே அளவுப் பாய், ஒரே உயரப் பாய்மரம். எடை குறைந்தால் ஈயத்துண்டு வைத்துச் சரிக்கட்டுவோம். என் படகு நல்லது, உன் படகு மோசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மிச்சம் இருப்பது ஆளும் காற்றும்தான். அவர் அடிக்கடி சொல்வார்: "எட்டி, ஒண்ணு என்ன செய்யுமோ மத்ததும் அதத்தான் செய்யும். அதுக்கு மேல செய்ய வேண்டியது நாமளாக்கும்."

இரண்டு பேர் ஓட்டும் படகு அது. அடிப்பக்கம் பின்னால் போகப் போகத் தட்டையாகும். நல்ல காற்றில் தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு, குளத்தில் வீசிய ஓட்டுச்சில்லு மாதிரி மேலே ஏறி வழுக்கத் தொடங்கும். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே நுரை வைத்துச் செய்வதால் அத்தனை இலேசு. உள்ளே விழும் தண்ணீர் பின்பக்கத் திறப்பு வழியாகத் தானே ஓடிவிடும். மூழ்கவே மூழ்காது. நான் சுக்கானைப் பிடிப்பேன். அவர் இடுப்புக் கச்சையைப் பாய்மரக் கம்பியில் மாட்டி, படகின் விளிம்பில் கால் ஊன்றி, உடம்பு முழுக்கத் தண்ணீருக்கு மேலே நீட்டி நிற்பார். காற்று பாயைச் சாய்க்கும்போது அவருடைய எடைதான் படகைத் தூக்கிப் பிடிக்கும். அங்கே நின்றுகொண்டு காற்று வருவதை முன்னாலேயே சொல்வார். "வருது... வருது... பிடிச்சுக்க."

மார்கழி முடிந்து கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் காலம். ஒரு புதுப் படகை வாங்குபவரிடம் ஒப்படைப்பதற்கு முன்னால் கடலில் ஓட்டிப் பார்க்க, காலையில், ஆறு கடலில் சேரும் பூவார் பொழிமுகம் வழியாக வெளியே போனோம். கரைக்காற்றில் கடல் தட்டையாகக் கிடந்தது. அவர் பெரிய முன்பாயை ஏற்றினார். அப்படி ஒரு ஓட்டம் அதுவரை எந்தப் படகிலும் நாங்கள் ஓடியதில்லை. சுக்கான் என் உள்ளங்கையில் பாடியது. நான் கத்திச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

கரையை விட்டு வெகுதூரம் போனபிறகுதான் அலை எழும்பியது. ஒரு பெரிய காற்று பின்னாலிருந்து தள்ள, படகின் மூக்கு முன்னால் இருந்த அலையின் முதுகில் குத்தியது. அவர் கம்பியோடு முன்பக்கம் வீசப்பட்டார். கச்சை கொக்கியிலிருந்து கழன்றது. படகு பக்கவாட்டில் சாய்ந்தது. நான் தண்ணீருக்குள் போய், மேலே வந்து, கையில் அகப்பட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கவிழ்ந்தால் படகை விடாதே. அதுதான் முதல் பாடம். அதை எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான்.

இலேசான படகு கவிழ்ந்தால் என்ன செய்யும் என்று நான் படித்திருந்தேன். தண்ணீரில் அமிழாமல் உயரமாக மிதக்கும். அடிப்பக்கம் முழுக்கக் காற்றுக்கு நேராக நிற்கும். அதுவே ஒரு பாய் ஆகிவிடும். நீந்துகிறவனால் அதை எட்ட முடியாது. படித்ததைப் பார்த்தேன். அவர் நன்றாக நீந்துகிறவர், மிதவைச் சட்டையும் போட்டிருந்தார். நேராக என்னை நோக்கி நீந்தினார். ஒவ்வொரு அலை ஏறி இறங்கும்போதும் அவர் தலை சின்னதாகிக்கொண்டே போனது. படகின் அடியிலிருந்து நீட்டி நிற்கும் நடுப்பலகையில் நான் ஏறி நின்று படகை நிமிர்த்தப் பார்த்தேன். முன்பாய் தண்ணீருக்குள் பை மாதிரி நிறைந்து கிடந்தது. என் எடைக்கு அது அசையவில்லை.

அவர் நீந்துவதை நிறுத்தினார். ஒரு கையை உயர்த்தினார். வா என்றாரா, அங்கேயே இரு என்றாரா, எனக்குத் தெரியவில்லை. ஏதோ சொன்னார். காற்று என் பக்கமிருந்து வீசவில்லை, அவர் பக்கமிருந்துதான் வீசியது. ஆனாலும் அலை படகில் அறைந்த சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அடுத்த அலைக்குப் பிறகு அவரைக் காணவில்லை.

மீன்பிடித்துத் திரும்பிய ஒரு வள்ளம் வெள்ளை அடிப்பக்கத்தைக் கண்டு வந்து என்னைத் தூக்கியது. "ஆள் பொறத்த உண்டு, கரப்பக்கமா போங்க, கரப்பக்கமா" என்று நான் கத்தினேனாம். அவர்கள் படகை விட்டுவிட்டு அவரைத் தேடப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பொழியூர் வள்ளங்கள் அத்தனையும் வந்தன. எல்லாரும் கரைப்பக்கம்தான் தேடினார்கள். படகைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தபோது, அந்தப் படகு ஆளில்லாமல் மேற்கே போய்க்கொண்டிருந்தது.

ஆளில்லாமல் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேங்காய்ப்பட்டணத்தில் படகைத் துறை மேடைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். பாய்மரம் அடியோடு முறிந்து, கம்பிகள் அறுந்து தொங்கின. பாய் எதுவும் மிச்சமில்லை. படகின் உடம்பில் வேறு சேதம் கிடையாது. தூத்தூர்ப் பக்கத்துக்காரரான, போட்டை ஓட்டும் ஸ்ராங்கு, பெரிய உடம்புக்காரர், மாமியைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்தார்.

"கர தெரியாத தூரத்துலயாக்கும் அம்மா கண்டோம். ஆள் உண்டோன்னு நினச்சு பைய பக்கத்துல போனோம். உள்ள ஒண்ணும் இல்ல."

"எப்படிக் கிடந்தது?" என்று நான் கேட்டேன்.

"எப்படின்னா?"

"கவுந்து கிடந்ததா?"

"இல்ல மோளே. நேரே நிமிந்துதான் கெடந்துது. நல்ல நீட்டா."

நான் குனிந்து பார்த்தேன். கடலில் நாள்பட்டுக் கிடக்கும் எதிலும் ஒட்டி வளரும் சின்ன ஓட்டுப்பூச்சிகள் அடிப்பக்கம் முழுக்க அப்பியிருந்தன. மேல்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. நான் விட்டபோது கவிழ்ந்து கிடந்த படகு, பூச்சி ஒட்டத் தொடங்குவதற்கு முன்பே நிமிர்ந்திருக்கிறது. கடலில் கிடந்த காலமெல்லாம் நிமிர்ந்தே கிடந்திருக்கிறது.  ஒரு பூச்சியை நகத்தால் கிள்ளி எடுத்தேன்.

மாமிதான் வாய்விட்டுக் கேட்டார்.

"மோளே, நீ விடும்போ கவுந்துல்லா கெடந்துது?"

"ஆமா மாமி."

"பின்ன நிமித்தினது ஆரு?"

ஸ்ராங்கு என்னைப் பார்த்தார். நான் படகைப் பார்த்தேன்.

அந்தப் படகைப் பட்டறைக்குக் கொண்டுவந்து மற்ற படகுகளோடு வைத்தோம். மாமி தினமும் வரத் தொடங்கினார். மீன் விற்று முடிந்து, வெறும் சருவப் பாத்திரத்தை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளே வந்து படகின் பக்கத்தில் பெயிண்ட் டின் மேல் உட்காருவார். படகோடு பேசுவதில்லை, அழுவதில்லை. மகன் அதை நிமிர்த்தி ஏறிவிட்டான், வழியில் வந்த கப்பல்காரன் எடுத்துக்கொண்டு போயிருப்பான், பாஷை தெரியாத ஏதாவது துறைமுகத்தில் கிடப்பான், இதுதான் அவர் கணக்கு. அப்படித் திரும்பி வந்தவர்கள் இந்தக் கடற்கரையில் இல்லாமல் இல்லை. அதனால் யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. ஆத்மாவுக்குத் திருப்பலி வைக்கலாமா என்று கேட்ட பங்குச் சாமியாரிடம், "சீவனோட இருக்கவனுக்கு என்னத்துக்குச் சாமி பூசை?" என்று திருப்பிக் கேட்டார்.

என் கணக்கு வேறு. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் நிறைந்த முன்பாய் நங்கூரம் மாதிரி படகைப் பின்னுக்கு இழுத்திருக்கும். பாய்மரம் கீழ்நோக்கித் திரும்பியிருந்தால் ஓட்டம் இன்னும் குறைந்திருக்கும். காற்றும் அலையும் அவரையும் அதே பக்கம்தான் தள்ளியிருக்கும். நாங்கள் கரைப்பக்கம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் படகை எட்டியிருக்கலாம். எனக்கு அசையாத படகு அவருடைய எடைக்கு அசைந்திருக்கலாம். ஏறி உட்கார்ந்து, என்னைத் தேடியிருக்கலாம்.

இந்த 'லாம்'கள் என்னைப் பிடித்துக்கொண்டன. பட்டறையில் மோல்டிலிருந்து புதுப் படகு ஒவ்வொன்றாகக் கழன்று வரும். அதே வளைவு, அதே விளிம்பு. மெழுகு தேய்க்கக் கையை வைத்தால், அவர் கால் ஊன்றி நிற்கும் இடத்தில் போய் நிற்கும். அவர் இடத்தில் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கம்பியில் நின்ற அந்தப் பெண் காற்று வருவதைச் சொல்வதற்கு முன்னாலேயே, "வருது" என்று எனக்குக் கேட்டது. காற்றும் வந்தது. கரையேறியபிறகு அந்தப் பெண் கேட்டாள்: "சேச்சி ஆருட்ட பேசிட்டு வந்திய?"

ஆளில்லாமல் அந்தப் படகு நிமிருமா? அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அதன் பிறகுதான். ஒன்று என்ன செய்யுமோ மற்றதும் அதைத்தான் செய்யும். பட்டறையில் அதே அச்சில் வார்த்த படகுகள் வரிசையாக நின்றன. முதலாளியிடம் கேட்டேன். "செய்து பாரு. ஆனா அந்த அம்மைய கூட்டிட்டு வராத" என்றார்.

மாமி எப்படியோ தெரிந்துகொண்டு வந்துவிட்டார்.

பூவாரில் நெய்யாறு அகன்று கடலைத் தொடுவதற்கு முன் ஒரு இடம். இடுப்பளவு தண்ணீர். இரண்டு தொழிலாளிகளும் நானும் பாய்மரம் பூட்டாத ஒரு புதுப் படகை இறக்கினோம். மாமி கரையில் தென்னைமூட்டில் உட்கார்ந்திருந்தார். படகைப் பக்கவாட்டில் சாய்த்து, கையை எடுத்தோம். கொஞ்ச நேரம் யோசிப்பது மாதிரி நின்றுவிட்டுக் குப்புற விழுந்தது. மறுபடி சாய்த்தோம். மறுபடி குப்புற விழுந்தது. பிறகு ஒருமுறை சாய்த்துக் கையை எடுத்தபோது சுற்றுலாப் படகு ஒன்று பக்கத்தில் போனது. அதன் அலை வந்து தட்ட, படகு இந்தப் பக்கம் உருண்டு நேராக நிமிர்ந்து நின்றது. பின்பக்கம் வழியாகத் தண்ணீர் சலசலவென்று ஓடி வடிந்தது.

என் உடம்பிலிருந்து ஏதோ இறங்கியது. நான் கரையைப் பார்த்துச் சொன்னேன்: "பாத்தியளா மாமி? மரம் முறிஞ்சா, அல வந்தா, தன்னே நிமிரும்."

"எப்பவுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சில நேரம்."

மாமி எழுந்தார். சேலையை வரிந்து சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார். "அத திரும்பக் கவுத்து" என்றார்.

"வேண்டாம் மாமி."

"கவுத்துலே" என்றார், என்னிடம் இல்லை, தொழிலாளியிடம். அவர் கவிழ்த்தார். அடியிலிருந்து துருத்திக்கொண்டு நின்ற நடுப்பலகையை மாமி கையால் தடவிப் பார்த்தார். எங்கே பிடிப்பது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் அதன் நுனியைப் பிடித்து, முழங்காலை மடக்கி, உடம்பு முழுக்கத் தொங்கினார். வருஷக்கணக்காய்ச் சருவம் சுமந்த உடம்பு. படகு முனகியது. பைய எழும்பியது. பிறகு சட்டென்று நிமிர்ந்து, மாமி தண்ணீருக்குள் போய் மேலே வந்தார். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது.

"நான் நிமித்தினேன் பாத்தியா" என்றார். "இந்த வயசுல நான் நிமித்தினேன். அவனுக்கு ஏலாதா?"

பாய்மரம் இல்லாத படகைத்தான் அவர் நிமிர்த்தினார் என்று நான் சொல்லியிருக்கலாம். பாயும் மரமும் இருந்தால் வேறு கதை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"கேத்தி விடு" என்றார். பின்பக்கத் திறப்பு வழியாக அவரை ஏற்றிவிட்டோம். அவர் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அதுவரை மகனுடைய படகு எதிலும் அவர் ஏறியதில்லை. முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். தளத்தை உள்ளங்கையால் தடவினார். வழுவழுவென்று, ஒளிய ஒரு மூலை இல்லாமல், ஒரு துணி தொங்கவிட ஒரு கம்பு இல்லாமல் இருந்தது. உச்சி வெயில் வெள்ளைத் தளத்தில் பட்டுக் கண்ணில் அடித்தது. வேகத்துக்காக நான் எதையெல்லாம் குறைத்தேனோ அதையெல்லாம் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"இதுல நிழலு இல்லியா மோளே?"

"இல்ல மாமி."

"குடிக்க வெள்ளம் வைக்க எடம்?"

"இல்ல மாமி."

 இன்னொரு சுற்றுலாப் படகு போனது. அதில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அலை வந்து படகைத் தொட்டில் மாதிரி ஆட்டியது. மாமியின் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டிருந்தது. அவர் எதை எண்ணிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கரை தெரியாத கடல். மேலே வெயில். கீழே உப்பு. நான் எத்தனையோ நாளாக எண்ணிக்கொண்டிருந்த இடத்துக்கு அவரும் வந்து சேர்ந்துவிட்டார்.

"இல்ல" என்றார் கடைசியில். "அவன் இதுல கேறல்ல."

நான் அவரைப் பார்த்தேன்.

"ஆரும் கேறல்ல மோளே. அது தன்னே நிமிந்ததாக்கும். நீ செய்து காட்டினல்லா? நான் கண்டேன்." கையை நீட்டினார். "எறக்கி விடு. குளிருது."

குளிரும் வெயில் இல்லை அது. இறக்கிவிட்டோம். கரையேறியதும் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "சாமியாரப் பாக்கப் போணும், நீயும் வாறியா?" என்று கேட்டார். "வாறேன்" என்றேன். ஈரத்தோடு இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போனோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலி நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் என் கணவருடைய அப்பாவின் பக்கத்தில் ஒரு சிலுவை நட்டோம். கீழே ஒன்றும் இல்லை. பாறசாலையிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வீட்டுக்கு வந்துவிடு என்று அம்மா கூப்பிட்டாள். நான் போகவில்லை. மாமியின் வீட்டுக்கு முன்னால் இருந்த வீடுகளைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அலைக்கு முதல் வீடு அதுதான். அவரைத் தனியாக விட எனக்கு மனமில்லை. மாமி பக்கத்தில் இல்லாமல் எனக்குத் தூக்கமும் வராது.

திரும்பி வந்த படகை நான் அறுக்கச் சொல்லவில்லை. பூச்சிகளைச் சுரண்டி, புது மரம் பூட்டி, அளந்து பார்த்தோம். எல்லா அளவும் சரியாக இருந்தது. ஒரு பயிற்சிக் குழு வாங்கிக்கொண்டு போனது. பாய்மர உச்சியில் ஒரு மிதவை கட்டினால் கவிழ்ந்த படகு முழுக்கக் குப்புறாது. பயிற்சிக்கு அதை அனுமதிக்கிறார்கள், பந்தயத்துக்கு அனுமதிப்பதில்லை. ஒரு படகில் இருந்தால் எல்லாப் படகிலும் இருக்க வேண்டும். பந்தயம் நடத்துகிறவர்களுக்கு நான் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

அது தன்னே நிமிர்ந்தது என்று மாமி சொன்னதை நாங்கள் இருவரும் பிறகு பேசியதில்லை. அவர் அதை நம்பினாரா, எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று நான் கேட்டதும் இல்லை. ஆனால் சோதனை ஓட்டம் உள்ள நாள் எது என்று அவருக்குத் தெரிந்துவிடும். காலையில் ஜீரக வெள்ளம் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றி ஸ்கூட்டரில் மாட்டி வைத்திருப்பார். படகில் அதை வைக்க இடமில்லை. பாய்மரத்தின் அடியில் கயிற்றால் கட்டிக்கொள்கிறேன். எடை பார்க்கும்போது அவிழ்த்து வைக்கிறேன்.

போன வாரமும் ஓட்டம் இருந்தது. பகல் முழுக்க நல்ல காற்று, குடிக்க நேரமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் மாமி குப்பியை வாங்கி, திறக்காமல் இருப்பதைப் பார்த்தார். கடல்பக்கத்துக் கதவைத் திறந்து, வெளியே போய், படிக்கட்டு வரை வந்து திரும்பும் அலையில் அதை மெல்ல ஊற்றினார். நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பி காலியானபிறகும் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு, "சோறு எடுத்து வைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.